துள்ளிக்கு ஒரு கறுப்புக் கல்

ஒரு காட்டில் மான்களும் முயல்களும் காட்டுப்பன்றிகளும் ஒரு குளத்தை நம்பி வாழ்ந்தன. அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. கோடை பாதி முடிவதற்குள் குளம் வற்றி, நடுவில் கொஞ்சம் சேறு மட்டும் மிஞ்சியது. குளம் வற்றும் ஒவ்வொரு கோடையிலும் போல, தண்ணீர் வேண்டுமென்றால் இனி ஆற்றுக்குத்தான் போக வேண்டும்.

ஆற்றுக்குப் போக ஒரே பாதைதான் இருந்தது. இரண்டு பக்கமும் முள்புதர். பாதை ஒரு புங்கமரத்தடியில் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை கிழக்குத் துறைக்குப் போனது, இன்னொன்று மேற்குத் துறைக்கு. போகிறவர்களும் வருகிறவர்களும் அந்தப் புங்கமரத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

அந்த மரத்தடியில் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் ஒரு கல்லைக் கொண்டுவந்து போடுவார்கள். ஆபத்து எதையும் பார்க்கவில்லை என்றால் வெள்ளைக் கல். பார்த்திருந்தால் கறுப்புக் கல். கிழக்குக்கு ஒரு குவியல், மேற்குக்கு ஒரு குவியல். புதிதாகப் போகிறவர்கள் குவியலைப் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்வார்கள்.

குவியல்களைப் பார்த்துக்கொண்டவர் ஈட்டியார் என்ற முள்ளம்பன்றி. குட்டிகளுக்கு வாத்தியாரும் அவர்தான். கெட்டவர் அல்ல. ஆனால் யாராவது எதிர்த்துக் கேள்வி கேட்டால் முதுகு முள்ளெல்லாம் எழுந்து நின்றுவிடும். அந்த முள்ளைப் பார்த்தால் கேட்டவர்களுக்குக் கேள்வியே மறந்து போகும்.

"கிழக்குக் குவியல் என்ன நிறம்?" என்று கேட்பார் ஈட்டியார்.

"கறுப்பு!" என்று குட்டிகள் கத்தும்.

"மேற்கு?"

"வெள்ளை!"

"அப்போ எந்தத் துறை நல்ல துறை?"

"மேற்கு! மேற்கு!"

"அவ்வளவுதான் கணக்கு! குவியலைப் பார், முடிவைச் சொல்!" என்பார் ஈட்டியார். குட்டிகள் வாலை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

இப்போது இரண்டு துறைகளிலும் உண்மையில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

கிழக்குத் துறையில் ஒரு கிழட்டுச் சிறுத்தை இருந்தது. பல் போய்விட்டது, ஒரு கால் நொண்டி. உறுமல் மட்டும்தான் பாக்கி. யாராவது தண்ணீரில் வாய் வைத்தால் பாறைக்குப் பின்னாலிருந்து உறுமிக்கொண்டு பாயும், பாய்ந்த இடத்திலேயே குப்புற விழும். வந்தவர்கள் தலைதெறிக்க ஓடிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டே கறுப்புக் கல்லைப் போடுவார்கள். அது பிடித்துத் தின்றது தவளைகளைத்தான்.

மேற்குத் துறையில் ஒரு முதலை இருந்தது. அது உறுமுவதே இல்லை.

அதன் பல்லிடுக்கில் சிக்கியதைக் கொத்தித் தின்னும் குருவி ஒருநாள் கேட்டது: "இப்பத்தான் ஒரு மான் கூட்டமே வந்து குடிச்சுட்டுப் போச்சு. ஏன் சும்மா விட்டே?"

"கூட்டத்துல ஒண்ணைப் பிடிச்சா மத்ததெல்லாம் பாத்துடும். பாத்தது போய்க் கறுப்புக் கல் போட்டுடும். தனியா வர்றதை மட்டும்தான் நான் தொடுவேன். மிச்சமெல்லாம் பத்திரமா போய் வெள்ளைக் கல் போடட்டும். அந்தக் கல்தான் எனக்கு அடுத்த சாப்பாட்டை அனுப்பி வைக்குது!" என்றது முதலை.

குருவி பயந்து பின்னால் தத்தியது. ஆனாலும் அதற்கும் பிழைப்பு அந்தப் பல்லிடுக்கில்தான். வாயை மூடிக்கொண்டது.

மான்களில் கொன்றை என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரே குட்டி, துள்ளி. நிற்கச் சொன்னால் ஒரு நொடி நிற்க மாட்டான். ஒரு சாயங்காலம் அவனுக்குத் தாகம். கொன்றையின் குளம்பில் முள் ஏறியிருந்தது. அவளால் நடக்க முடியவில்லை.

"குவியலைப் பாத்துட்டுப் போ, கண்ணு" என்று சொல்லி அனுப்பினாள்.

துள்ளி பார்த்தான். மேற்குக் குவியல் வெள்ளைவெளேர் என்று இருந்தது. மேற்கே போனான்.

திரும்பி வரவே இல்லை.

துறைவரை நடக்கக் காலில் தெம்பில்லாமல், கொன்றை நொண்டிக்கொண்டே காட்டுக்குள் தேடினாள். பிறகு ஒரு கறுப்புக் கல்லை வாயில் கவ்விக்கொண்டு புங்கமரத்தடிக்கு வந்தாள். ஈட்டியார் வழியை மறித்தார்.

"என்னம்மா கொன்றை, நீ மேற்கே போனியா?"

"நான் போகல வாத்தியாரே. என் பிள்ளை போனான்."

"போனவங்கதான் போடணும். போய்ப் பாத்து, திரும்பி வந்து, தன் வாயால போடணும். அதுதான் முறை. போகாதவங்க போட்டா கணக்கு கெட்டுப் போயிடும்!"

"அவன் எப்படி வந்து போடுவான்?" என்றாள் கொன்றை. "வர முடிஞ்சா நான் ஏன் இந்தக் கல்லைத் தூக்கிட்டு வரப்போறேன்?"

ஈட்டியாரின் முள் எழுந்து நின்றது. "வழி மாறிப் போயிருப்பான்! சின்னப் பிள்ளை, வேற கூட்டத்தோட சேந்திருப்பான். நாலு நாள்ல வந்துடுவான். கல்லை எடுத்துட்டுப் போ!"

சுற்றி நின்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஆறுதல் சொல்வதாகத்தான் அவர்கள் நினைத்தார்கள். கொன்றை கல்லை எடுத்துக்கொண்டு, பாடம் நடக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, அதைத் தன் முன்னால் வைத்துப் படுத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகவில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள்?

மறுநாள் பாடம் நடந்தது.

"மேற்குக் குவியல் என்ன நிறம்?"

"வெள்ளை!" என்று குட்டிகள் கத்தின. முயல்குட்டி மொச்சை மட்டும் கத்தவில்லை. துள்ளி உட்காரும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாத்தியாரே, துள்ளியோட கல் எந்தக் குவியல்ல இருக்கு?"

"அவன்தான் இன்னும் வரலையே!"

"வரலைன்னா கல்லும் இல்லையா?"

"இல்லை!"

"அப்போ ஆபத்துல மாட்டினவங்க கல் குவியல்ல வரவே வராதே! தப்பிச்சவங்க மட்டும்தானே போட முடியும்?"

ஈட்டியாரின் முள் சிலிர்த்தது. "அதிகப்பிரசங்கி! பாடம் முடிஞ்சது, போங்க எல்லாரும்!"

குட்டிகள் கலைந்து ஓடின. மொச்சையும் அவளுடைய சிநேகிதன் கருப்பட்டி என்ற பன்றிக்குட்டியும் மட்டும் நின்றார்கள். கருப்பட்டிக்கு எதையாவது கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கசக்கும் என்று தெரிந்தும் கீழே கிடந்த புங்கங்கொட்டை ஒன்றைக் கடித்துப் பார்த்துத் துப்பினான்.

"மேற்குத் துறையில ஏதோ இருக்கு!" என்றாள் மொச்சை.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் கருப்பட்டி.

"கொன்றை அத்தை அழறாங்களே, பாக்கல?"

"அத்தை அழறாங்கன்னா துள்ளி வரலைன்னு அர்த்தம். மேற்கே ஆபத்து இருக்குன்னு அதுக்கு அர்த்தமாயிடுமா? நிஜமாவே வழி மாறிப் போயிருக்கலாமே!"

"உனக்குக் கொஞ்சமாவது இரக்கம் இருக்காடா?"

"இரக்கம் வேற, கணக்கு வேற! வாத்தியார் கத்திச் சொன்னதை நீ நம்பல. அத்தை அழுது சொன்னா மட்டும் நம்பிடுவியா?"

கொன்றை கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். மொச்சை பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள். கருப்பட்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"அவன் கேக்கறதுல தப்பு ஒண்ணும் இல்லை" என்றாள் கொன்றை. "எனக்குத் தெரிஞ்சது என் பிள்ளை ஒருத்தனைப் பத்தித்தான். ஒருத்தனை வச்சு ஒரு துறையைக் குத்தம் சொல்ல முடியாதுதான். எண்ணிப் பாருங்க பிள்ளைகளா. எப்படின்னு யோசிச்சு எண்ணிப் பாருங்க. என் பிள்ளைக்காக இதையாவது செய்யுங்க."

இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள். யோசித்தார்கள் என்பதைவிடச் சண்டை போட்டார்கள் என்று சொல்லலாம். ஒன்று சொன்னதை மற்றது உடைத்தது. கடைசியில் உடைக்க முடியாத ஒன்று மிஞ்சியது.

"திரும்பி வர்றப்போ எண்ணினா வந்தவங்களைத்தான் எண்ண முடியும். போறப்பவே எண்ணணும்!" என்றாள் மொச்சை.

"போறப்போ ஆளுக்கு ஒரு புங்கங்கொட்டை வைக்கட்டும். வர்றப்போ ஒண்ணை எடுத்துடட்டும். கடைசியில மிச்சம் கிடக்கறது?" என்றான் கருப்பட்டி.

"வராதவங்க!"

"ரெண்டு பக்கமும் வைக்கணும். மேற்கே மட்டும் வச்சா பத்தாது."

அன்றே ஆரம்பித்தார்கள். பெரியவர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "கொட்டை விளையாட்டா? சரி, இந்தா!" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனார்கள். வந்ததும் எடுத்தார்கள். பொழுது சாயும்போது கிழக்குப் பக்கம் ஒரு கொட்டைகூட மீதி இல்லை. மேற்கே சில கொட்டைகள் கிடந்தன.

"பாத்தியா! ஓடு, வாத்தியார்கிட்ட சொல்லலாம்!" என்றாள் மொச்சை.

"ஒரு நாள் கணக்கு தற்செயலா அமைஞ்சுடலாம். நாளைக்கும் பாக்கணும்" என்றான் கருப்பட்டி.

"நாளைக்குப் பாக்கறதுக்குள்ள இன்னும் யாராவது போயிட்டா?"

கருப்பட்டி வாயிலிருந்த கொட்டையைக் கடிப்பதை நிறுத்திவிட்டான். பிறகு மெதுவாக, "சொல்லவும் சொல்லுவோம், எண்ணவும் எண்ணுவோம்" என்றான்.

ஈட்டியாரிடம் போய்ச் சொன்னார்கள்.

"எடுக்க மறந்திருப்பாங்க!" என்றார் அவர்.

"மறதி மேற்கே போறவங்களுக்கு மட்டும்தான் வருமா வாத்தியாரே? கிழக்கே போனவங்க பயந்து அலறி ஓடி வந்தாங்க. அவங்களே மறக்காம எடுத்தாங்களே!" என்றாள் மொச்சை.

"அக்கரைக்கு நீந்திப் போயிருப்பாங்க!"

"கிழக்கேயும் அக்கரை இருக்கே! அங்கேயிருந்து யாரும் போகலையே!"

ஈட்டியாருக்கு வழக்கம்போல முள்தான் வந்தது. "தலைமுறை தலைமுறையா போட்ட கல் பொய், நீங்க இன்னிக்குப் பொறுக்கின கொட்டை நிஜமா? வாயை மூடுங்க!"

மறுநாளும் எண்ணினார்கள். கிழக்கே மீதி இல்லை. மேற்கே மறுபடியும் மீதி. முதல் நாளைவிட அதிகம்.

"எனக்கு இப்போ நம்பிக்கை வந்துடுச்சு" என்றான் கருப்பட்டி. "மேற்கேதான் ஏதோ இருக்கு."

அதற்கு அடுத்த நாள் பாதையில் நின்று இரண்டு பேரும் கத்தினார்கள். "மேற்கே போகாதீங்க! போறவங்க திரும்பல!" யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குட்டிகள் கத்தினால் காட்டின் வழக்கம் மாறுமா என்று சிரித்தார்கள். ஈட்டியார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் விறுவிறுவென்று வந்து, முள்கிளைகளை இழுத்துப் போட்டுக் கிழக்குப் பாதையை அடைத்துவிட்டார்.

"கறுப்புக் கல் இவ்வளவு இருக்கிற துறைக்கு இனி யாரும் போக வேண்டாம். எல்லாரும் மேற்கே போங்க. உங்க நல்லதுக்குத்தான்!"

அவர் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

சாயங்காலம் கருப்பட்டியின் அம்மா கூப்பிட்டாள். அவள் மடியில் புதிதாகப் பிறந்த குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தன. அவளால் எழுந்து போக முடியாது.

"கருப்பட்டி! நாக்கு வறண்டு போய்க் கிடக்கு உனக்கு. போய்த் தண்ணி குடிச்சுட்டு வா."

"மேற்கே வேண்டாம்மா. நாங்க எண்ணிப் பாத்தோம். போறவங்கள்ல சில பேரு..."

"வாத்தியார் சொல்றது ஒண்ணு, நீ சொல்றது ஒண்ணா? பெரியவங்களை எதிர்த்துப் பேசறதுக்குத்தான் உன்னைப் படிக்க அனுப்பினேனா?"

"அம்மா, ஒரே ஒரு தடவை நான் சொல்றதைக் கேளும்மா..."

"வாயைத் திறந்தா அடி விழும்! போ!"

கருப்பட்டி புங்கமரத்தடிக்கு வந்தான். மொச்சை அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"போகாதடா!"

"கிழக்கே முள் போட்டிருக்கு. தாகமா இருக்கு மொச்சை. அம்மாவும் கோவமா இருக்கு." ஒரு கொட்டையை எடுத்து, எப்போதும்போல ஒரு கடி கடித்து, மேற்குப் பக்கம் வைத்தான். "ஓரமா நின்னு ரெண்டு வாய் குடிச்சுட்டு ஓடி வந்துடறேன். என் கொட்டையைப் பத்திரமா பாத்துக்க. வேற யாரும் எடுத்துடாம!"

"நானும் வர்றேன்!"

"நீயும் வந்தா யாரு எண்ணுவா?" என்றான் கருப்பட்டி. குட்டை வாலைச் சுழற்றிக்கொண்டு போய்விட்டான்.

மொச்சை காத்திருந்தாள். கொன்றை வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டாள். மேற்கேயிருந்து ஒரு காட்டெருமைக் கூட்டம் வந்தது. ஆளுக்கு ஒரு கொட்டையை எடுத்தது, ஆளுக்கு ஒரு வெள்ளைக் கல்லைப் போட்டது. கீரிகள் சேர்ந்து வந்தன. எடுத்தன, போட்டன. குவியல் இன்னும் கொஞ்சம் வெள்ளையானது.

பிறகு யாரும் வரவில்லை. கடிபட்ட கொட்டை வைத்த இடத்திலேயே இருந்தது.

"அத்தை, இதை யாரும் எடுக்கலையே" என்றாள் மொச்சை.

கொன்றை அவளை முகத்தால் அணைத்துக்கொண்டாள். தனக்கு மற்றவர்கள் சொன்ன பொய்யை இந்தக் குழந்தைக்குச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

கருப்பட்டியின் அம்மா குட்டிகளை விட்டுவிட்டு ஓடிவந்தாள். "என் பிள்ளை எங்கே? எங்கே என் பிள்ளை?"

ஈட்டியார் வந்தார். "பயப்படாதே தாயி. வழி மாறிப் போயிருப்பான். நாலு நாள்ல..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். இதே வார்த்தைகளை இதே இடத்தில் கொன்றையிடம் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. நினைவு வந்தது அது ஒன்று மட்டுமல்ல. போன வருடம் ஒரு அணில் வந்து அழுதபோதும் இதையேதான் சொன்னார். அதற்கு முந்தின கோடையில் ஒரு கிழ முயலிடமும் சொன்னார். வழி மாறிப் போனவர்கள் எல்லோரும் மேற்கே போனவர்கள்.

மொச்சை கடிபட்ட கொட்டையை மூக்கால் உருட்டி அவர் காலடியில் கொண்டுபோய் விட்டாள்.

"இது கருப்பட்டியோடது. இப்போ சொல்லுங்க வாத்தியாரே, இது எந்தக் கணக்குல சேரும்?"

ஈட்டியாரின் முதுகில் முள் எழுந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டது. அவருடைய முள் அப்படித் தானாகப் படுத்ததை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

அவர் கிழக்குப் பாதைக்குப் போனார். தான் போட்ட முள்கிளைகளைத் தானே இழுத்துவந்து மேற்குப் பாதையில் போட்டார். வாயெல்லாம் ரத்தம். யாரோ உதவிக்குப் போனார்கள், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். பிறகு கொன்றையின் முன்னால் வந்து நின்றார்.

"உன் பிள்ளையோட கல்லைக் கொண்டுவந்து போடும்மா" என்றார்.

கொன்றை கறுப்புக் கல்லைக் கவ்விக்கொண்டு போய் மேற்குக் குவியலின் மேல் வைத்தாள். "துள்ளி" என்றாள்.

கருப்பட்டியின் அம்மா ஒரு கல்லைத் தேடி எடுத்தாள். அவளால் பெயரைச் சொல்ல முடியவில்லை. "பேச விட்டிருக்கலாமே, அவனைப் பேச விட்டிருக்கலாமே" என்று அழுதாள். அவன் பெயரை மொச்சைதான் சொன்னாள்.

அத்தோடு முடியவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு அணில் கறுப்புக் கல்லோடு வந்தது. "என் தம்பி" என்றது. ஒரு கிழ முயல் வந்தது. "என் மக" என்றது. ஒரு கீரி வந்தது, ஒரு மான் வந்தது. எல்லோரும் ஆளுக்கு ஒரு துக்கத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு, தன் வீட்டில் மட்டும்தான் இப்படி நடந்தது என்று இத்தனை நாள் சும்மா இருந்திருக்கிறார்கள். இருட்டும்வரை கல் விழுந்துகொண்டே இருந்தது. வெள்ளைக் குவியல் என்று அதுவரை எல்லோரும் பார்த்தது, வெள்ளையே தெரியாமல் மூடிப்போயிற்று.

மறுநாளிலிருந்து எல்லோரும் கிழக்கே போனார்கள். கிழட்டுச் சிறுத்தை உறுமியது, பாய்ந்தது, விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. இந்தச் சிறுத்தைக்குப் பயந்துதானே நம் பிள்ளைகளை அங்கே அனுப்பினோம் என்று நினைத்துக்கொண்டு, குடித்துவிட்டு வந்தார்கள். மேற்குத் துறையில் முதலை பல நாள் காத்திருந்தது. பல்லிடுக்கில் ஒன்றும் கிடைக்காமல் குருவி வேறு இடம் பார்த்துப் போய்விட்டது. ஒருநாள் முதலையும் ஆற்றோடு இறங்கிப் போயிற்று.

மழை வந்தது. கொட்டை வைத்து எண்ணிய இடத்தில் புங்கங்கன்றுகள் முளைத்தன. கருப்பட்டியின் கொட்டையை மொச்சை தனியாக ஒரு இடத்தில் புதைத்துத் தினமும் போய்ப் பார்த்தாள். அது முளைக்கவில்லை. கடிபட்ட கொட்டை எப்படி முளைக்கும்? அவளுக்கும் அது தெரியும். இருந்தாலும் போய்ப் பார்த்தாள்.

ஈட்டியார் இப்போதும் பாடம் நடத்துகிறார். குட்டிகள் அவரோடு வாதம் செய்கின்றன. முள் சில நேரம் பழக்கதோஷத்தில் எழும்பும். அப்போது தானே அதை அடக்கிக்கொண்டு, "சரி, நீ சொல்லு, எங்கே தப்புன்னு சொல்லு" என்பார். ஆனால் பாடத்தை எந்த நாளும் குவியலில் ஆரம்பிப்பதில்லை.

"இன்னிக்கு இங்கே வராதவங்க யார் யாரு?" என்றுதான் முதலில் கேட்பார்.

"துள்ளி" என்று ஒரு குட்டி சொல்லும்.

"கருப்பட்டி" என்பாள் மொச்சை.

அதன்பிறகு பாடம் நடக்கும்.

யார் எந்தக் கணக்கைக் காட்டினாலும் அதில் எண்ணாமல் விடப்பட்டவர்கள் யார் என்று கேட்ட பிறகே நம்ப வேண்டும். அப்படிக் கேட்கிற குழந்தையின் வாயை ஒருநாளும் அடைக்கக் கூடாது.